சும்மா கொடுத்தா வாங்கிக்கலாமா?

(குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், கணக்கு எழுதுவது என்று நாம் நிறையப் பாடம் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் பணத்தைப் பற்றியது இல்லை. ஆனால் கஷ்ட காலத்தில் பணத்தைப் போலவே நம்மைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரு விஷயம். யாராவது நம் மேல் அன்பு வைத்து, எதையும் எதிர்பார்க்காமல் ஒன்றைக் கொடுத்தால், அதை நம்பி வாங்கிக்கொள்ள நமக்குத் தெரிகிறதா?

"இது ஒரு பாடமா? குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே!" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அது அவ்வளவு சுலபம் இல்லை என்பதைக் குழுக்களில் பலமுறை பார்த்துவிட்டோம். கொடுக்கச் சொன்னால் நம் பெண்கள் யோசிக்காமல் கொடுப்பார்கள். வாங்கச் சொன்னால்தான் கை பின்னால் போகும். ஏன் என்று சேர்ந்து யோசிப்போம். ஊக்குநர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். நடுவில் நிறுத்தி எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

சந்தேகம் ஏன் வருகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். சந்தேகப்படுவது தப்பு இல்லை. அது நம் அனுபவம் சொல்லிக்கொடுத்த புத்தி.

நம் ஊர்ப் பழக்கத்தையே பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் வாசலில் ஒருவர் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று வரிசையாக எழுதுவார். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டை எடுத்துப் பார்ப்போம். ஐந்நூறு வைத்தவருக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். கறி விருந்து போட்டு லட்சக்கணக்கில் மொய் வாங்குவதும், பிறகு அதைக் கூட்டித் திருப்பிச் செய்வதும் அங்கே பெரிய வழக்கம். சமயத்துக்கு உதவுகிற ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் மொய் என்றாலும் அது பாதி கடன்.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. பிரான்சு நாட்டில் மார்செல் மோஸ் என்ற அறிஞர் 1925-ல் அன்பளிப்பைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பசிபிக் கடல் தீவுகள், வட அமெரிக்காவின் பழங்குடிகள் எனப் பல சமூகங்களின் வழக்கங்களை வைத்து அவர் சொன்னது இதுதான்: அன்பளிப்பில் மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன. கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். நம் வீட்டு மொய் நோட்டைப் பார்த்தே எழுதியது போல இருக்கிறது, இல்லையா?

இதைத் தவிர வேறு அனுபவங்களும் நமக்கு உண்டு. தேர்தல் வந்தால் வீடு தேடி வரும் புடவை. "குலுக்கல்ல உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ஓடிபி நம்பர் சொல்லுங்க" என்று வரும் போன். முதலில் குடத்தையும் குக்கரையும் கொடுத்துவிட்டு, பிறகு சீட்டுப் பணத்தோடு ஓடிப்போகும் கம்பெனி. இத்தனையும் பார்த்த பிறகு "சும்மா யாருடி குடுப்பா?" என்று கேட்காமல் இருக்க முடியுமா?

ஆக, நம் மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது: வாங்கினால் கடன், இல்லாவிட்டால் தூண்டில். இந்த இரண்டிலும் சேராத ஒன்று உண்டா? உண்டு. நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே அது நடந்திருக்கிறது.

கடலோரத்தில் பிறந்த ஒரு பொம்மை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையைக் கடற்கரையில் வாழும் யாருக்கும் நாம் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரும், நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சுமார் 600 பேரும் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி காரைக்காலில். படகும் வலையும் போனது ஒரு பக்கம். உயிரோடு இருந்தவர்களுக்கு மனசு உடைந்துபோனது இன்னொரு பக்கம். அதுவரை சோறு போட்ட கடலைப் பார்க்கவே பலர் பயந்தார்கள்.

அந்த நேரத்தில் ஆரோவில்லில் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம் ஒரு வேலையைத் தொடங்கியது. அதை நடத்துபவர் உமா பிரஜாபதி என்ற உடை வடிவமைப்பாளர். ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவ கிராமங்களில் பெண்கள் வேலையும் இல்லாமல், பேச்சும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மனக்காயத்தோடு இருப்பவரிடம் "கவலைப்படாதே" என்று சொன்னால் கவலை போய்விடுமா? கைக்கு ஒரு வேலை வேண்டும். பக்கத்தில் நாலு பேர் வேண்டும். அதனால் அந்தப் பெண்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். தையல் வேலையில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொம்மை செய்யப் பழக்கினார்கள். கை வேலை செய்யும், வாய் பேசும், நடுவில் அழுகையும் வரும். அப்படியே ஒரு நாள் சிரிப்பும் வரும்.

அந்தப் பொம்மைக்கு வைத்த பெயர் சுனாமிகா. ஊரையே அழித்த பெயரை எடுத்து, ஒரு குழந்தைக்குச் சூட்டுவது போலச் சூட்டினார்கள்.

இனிதான் விஷயமே இருக்கிறது. பொம்மை நன்றாக வந்தது. கடையில் வைத்து விற்றிருக்கலாம். சுற்றுலாக்காரர்கள் வரும் ஊர், நல்ல விலைக்கே போயிருக்கும். ஆனால் சுனாமிகா விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பு மட்டும்தான் என்று முடிவு செய்தார்கள். கேட்பவருக்குக் கொடுத்தார்கள், கேட்காதவருக்கும் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் மனம் உள்ளவர்கள் நன்கொடை தந்தார்கள். அதிலிருந்து பொம்மை செய்த பெண்களுக்குக் கூலி போனது. பல நூறு பெண்கள் இதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். லட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாட்களில் இந்தப் பெண்கள் எல்லாருடைய கண்ணுக்கும் "பாதிக்கப்பட்டவர்கள்". அரிசிக்கு வரிசை, பாத்திரத்துக்கு வரிசை, டோக்கனுக்கு வரிசை. வாங்குவது மட்டுமே அவர்கள் வேலை என்று ஆகிவிட்டிருந்தது. பொம்மை வந்த பிறகு அவர்கள் கொடுப்பவர்கள் ஆனார்கள். எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு, இங்கே கடலோரத்தில் ஒரு பெண் தன் கையால் ஒன்றைச் செய்து அனுப்பினாள். நிவாரணப் பொருள் வயிற்றை நிரப்பியது. கொடுக்க ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

தேங்காய்த்திட்டு கூட்டத்தில் நடந்தது

தேங்காய்த்திட்டில் ஒரு குழுக் கூட்டத்துக்கு இந்தப் பொம்மைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு போனோம். சந்தா வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம். முன்னாடி எதுவும் சொல்லாமல் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம்.

முதல் கேள்வி: "இன்னா வெலை மேடம்?"

"விலை இல்லம்மா. உங்களுக்குத்தான்."

"சும்மாவா? எந்தக் கட்சி?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "இத வாங்கிக்கினா அடுத்த வாரம் எங்கயாவது மீட்டிங்குக்கு வேன் ஏத்திக்கினு போவீங்க" என்றார். அதற்கும் சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே பாதிப் பேர் பொம்மையைப் பாயிலேயே வைத்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்கும் ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சுனாமி அப்போ வரிசையில நின்னு வாங்குனதே போதும். இனிமே எதுவும் சும்மா வேணாம்" என்றார். யாரும் பேசவில்லை.

அப்போதுதான் அந்தப் பொம்மையின் கதையைச் சொன்னோம். செய்தவர்களும் மீனவப் பெண்கள்தான், அதே தண்ணியில் எல்லாம் இழந்தவர்கள்தான் என்றோம். அந்த அம்மா பொம்மையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரின் பொம்மையையும் வாங்கி, இரண்டையும் சேர்த்து வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையால செஞ்சதுதான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்றார். பிறகு, "இத செஞ்சவளுக்குக் கூலி குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். கூலி உண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று விவரமாகச் சொன்னோம். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பொம்மையைச் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டார்.

ஏன் அது நல்ல கேள்வி? நல்ல மனசோடு கொடுக்கும் ஒன்றைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் இருக்கும். யார் செய்தது, யார் செலவு, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் கொடுப்பவருக்குக் கோபம் வராது. நம் குழுவிலும் அதே கதைதான். எந்த உறுப்பினர் எப்போது கேட்டாலும் கணக்கு நோட்டைக் காட்டும் ஊக்குநரை நாம் நம்புகிறோம். "என்னையே சந்தேகப்படுறியா?" என்று சண்டைக்கு வருபவரை நம்புவதில்லை. அன்புக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். கேள்வி கேட்டால் கோபப்படாத அன்பை நம்பலாம்.

இரண்டு விதத் துணி

சுனாமி காலத்திலேயே இன்னொரு விதமான துணியும் கடற்கரைக்கு வந்தது. நாடு முழுவதும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நம் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடைகள், கிழிந்தவை, அழுக்கானவை என்று கலந்து வந்ததால் பெரும்பகுதி யாருக்கும் ஆகாமல் சாலையோரத்தில் குவியலாகக் கிடந்தது. பிறகு கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அப்படிக் கிடந்த துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

அதுவும் துணி, சுனாமிகாவும் துணிதான். இன்னும் சொல்லப்போனால் சுனாமிகா வெறும் வெட்டுத் துண்டு. அப்படியானால் என்ன வித்தியாசம்? லாரியில் வந்த துணியில் "எனக்கு வேண்டாம், யாராவது எடுத்துக்கட்டும்" என்ற நினைப்பு இருந்தது. பொம்மைத் துணியில் ஒருத்தியின் நேரம் இருந்தது. வாங்கப்போகும் ஆளைப் பற்றிய நினைப்பு இருந்தது. கையால் செய்த பொருளுக்கு ஏன் தனி மதிப்பு என்பதற்குக் காரணம் இதுதான். பொருள் சின்னதாக இருக்கலாம். நமக்காக ஒருவர் உட்கார்ந்து செலவழித்த நேரத்தை எந்த மொய் நோட்டில் எத்தனை ரூபாய் என்று எழுதுவது?

சொல்லிக்காட்டுவார்கள் என்ற பயம்

பொம்மை சின்ன விஷயம், விட்டுவிடலாம். வாழ்க்கையில் வரும் பெரிய விஷயத்தைப் பார்ப்போம். எங்கள் களப்பணியில் நடந்த ஒன்று. ஊரும் பேரும் வேண்டாம்.

ஒரு உறுப்பினரின் கணவர் கொத்தனார். வேலை இடத்தில் சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. குழுப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு எடுத்துப் போனார்கள். "இப்பதான் சாப்புட்டோம், வேணாங்க்கா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதையும் வாங்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் தண்டல் வாங்கியிருக்கிறார். பேச்சு பத்தாயிரம், கையில் வந்தது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் படுக்கையில் இருக்கும்போது!

குழுவில் எல்லாருக்கும் வருத்தம். "நாங்க குடுத்தத வாங்காம தண்டல்காரன் கிட்ட போனியே, ஏன்?" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "தண்டல்காரன் காச வாங்கிக்கினு போய்டுவான். நீங்க நாளைக்கு ஒரு சண்டை வந்தா சொல்லிக்காட்டுவீங்க."

இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை. ஏனென்றால் அது உண்மை என்று எல்லாருக்கும் தெரியும். தெருக்குழாயில் சண்டை வந்தால் முதலில் வாயில் வருவது என்ன? "அன்னிக்கு உன் புள்ளைக்கு ஜுரம்னு நான்தானே ஆட்டோவுக்குக் காசு குடுத்தேன்!" பசியைவிட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நம் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அதற்குப் பயந்து 1,500 ரூபாயை வட்டியாக விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் வயதான உறுப்பினர் ஒருவர் இருந்தார். இந்தப் பெண்ணுக்கு அவர் சொந்தமும் இல்லை, அதிகப் பேச்சும் கிடையாது. படுக்கையில் கிடப்பவருக்கு முதுகுப் புண் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருந்த பழைய நூல் புடவைகளைத் துவைத்து, மடித்து, பல மடிப்பாக வைத்து, கையாலேயே குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு ஒரு படுக்கை விரிப்பு செய்தார். பத்து நாள் வேலை. ஒரு காலையில் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு, "ஒடம்புக்கு மெத்துனு இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்தப் பெண் பிறகு எங்களிடம் சொன்னது: "அதத் திருப்பிக் குடுக்க முடியல மேடம். காசா இருந்தா குடுத்திருப்பேன். பத்து நாளு ஒக்காந்து தெச்சிருக்காங்க. அத எப்பிடித் திருப்பிக் குடுக்கறது? ஆனாலும் பயம்தான். ஒரு மாசம் பாத்தேன், எப்ப சொல்லிக்காட்டுவாங்கனு. சொல்லவே இல்ல."

நடுவில் ஒரு கூட்டத்தில் கடன் வரிசை பற்றி அந்த இருவருக்கும் நன்றாகவே வாக்குவாதம் வந்தது. அப்போதும் விரிப்பைப் பற்றி அந்தப் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வந்தது. அதன் பிறகு குழுவில் உள்கடன் கேட்டார், சாப்பாடு கொண்டுபோனால் பாத்திரத்தை வாங்கி வைத்தார். சில மாதம் கழித்து இன்னொரு உறுப்பினரின் மகளுக்குப் பிரசவம் ஆனபோது, பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்து, குழந்தைக்கு ஒரு கட்டுத் துணி கொண்டுபோய்க் கொடுத்தார். விரிப்பு கொடுத்தவருக்கு அவர் திருப்பிச் செய்யவில்லை, வேறு ஒருவருக்குச் செய்தார். கை மாறி முன்னே போய்க்கொண்டே இருக்கும் அன்பு இப்படித்தான் இருக்கும்.

திருவள்ளுவர் இதற்கு இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். வாங்குபவருக்குச் செய்ந்நன்றி அறிதல், கொடுப்பவருக்கு ஒப்புரவறிதல். வாங்கியவர் மறக்கக் கூடாது, கொடுத்தவர் பதிலுக்கு எதிர்பார்க்கக் கூடாது. நாம் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாங்கியதை மறக்கிறோம், கொடுத்ததை ஞாபகம் வைக்கிறோம்.

அன்பா, தூண்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரையும் நம்புங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. யாராவது எதையாவது கொடுக்கும்போது மனசுக்குள் ஐந்து கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. அவசரப்படுத்துகிறார்களா? "இன்னிக்கே சொல்லுங்க, நாளைக்குக் கிடைக்காது" என்றால் அது தூண்டில். அன்பு காத்திருக்கும்.

2. என்னிடம் ஏதாவது கேட்கிறார்களா? கையெழுத்து, ஆதார் நகல், ஓடிபி, முன்பணம், ஓட்டு. இதில் எதைக் கேட்டாலும் அது அன்பளிப்பு இல்லை.

3. ரகசியமாக வைக்கச் சொல்கிறார்களா? "வீட்டுல சொல்லாத, குழுவுல சொல்லாத" என்றால் உடனே விலகிவிடுங்கள். நாலு பேருக்குத் தெரிந்து வாங்கக்கூடியதுதான் நல்லது.

4. வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? வேண்டாம் என்றதும் முகம் மாறினால், மிரட்டினால், அது அன்பு இல்லை.

5. கேள்வி கேட்டால் பதில் வருகிறதா? யார் செலவு, எதற்காக என்று கேளுங்கள். வெளிப்படையான பதில் வர வேண்டும்.

ஐந்திலும் தேறினால், தைரியமாகக் கையை நீட்டுங்கள். தேறாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். போனில் ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நம்பிக்கையும் சேமிப்பு மாதிரிதான்

1992-ல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 500 குழுக்களை வைத்துச் சோதனையாகத் தொடங்கியது. நிலப் பத்திரம் இல்லாத, நகை இல்லாத பெண்களுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று அப்போது பலர் கேட்டார்கள். வாரம் தவறாமல் கூடுகிறார்களா, சேமிக்கிறார்களா, கொடுத்த உள்கடன் திரும்புகிறதா, நோட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்பினார்கள். முதலில் சின்னக் கடன், ஒழுங்காகக் கட்டினால் அடுத்து பெரியது. இன்றைக்கு அந்தத் திட்டம் நாடு முழுவதும் பரவிவிட்டது.

மனிதர்களை நம்புவதற்கும் இதே வழிதான். ஒரே நாளில் முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் குழம்பு வாங்குங்கள். சொல்லிக்காட்டுகிறார்களா என்று பாருங்கள். சொல்லிக்காட்டவில்லை என்றால் அடுத்த முறை கஷ்டத்தைச் சொல்லுங்கள். சேமிப்பு பத்து ரூபாயில் தொடங்கியது போல, நம்பிக்கையும் ஒரு கிண்ணம் குழம்பில் தொடங்கட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் ஒருவருக்குக் கொடுக்கும்போது நமக்கு எவ்வளவு சந்தோஷம்! "வேணாம் வேணாம்" என்று மறுக்கும்போது அடுத்தவருக்கு அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று சொல்கிறோம். அதனால் வாங்குவதையும் பழகுவோம். "எதுக்குங்க்கா இதெல்லாம்" என்று பத்து முறை சொல்வதற்குப் பதில், "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். உடனே பதிலுக்கு ஒன்றைத் தேடி ஓட வேண்டாம். பொருளை எடுத்துப் பயன்படுத்துங்கள். கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது.

குழுவில் செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கும் துண்டுத் துணி, நூல், பழைய வளையல், தென்னை ஓலை என்று எதிலாவது கையால் ஒரு சின்னப் பொருள் செய்து எடுத்து வாருங்கள். கடையில் வாங்கக் கூடாது, காசு செலவழிக்கக் கூடாது. எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு உங்கள் பொருள். அதிகம் பேசிப் பழகாதவர் பெயர் வந்தால் இன்னும் நல்லது. வாங்குபவர் "சந்தோஷம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். யார் என்ன கொடுத்தார்கள் என்று எந்த நோட்டிலும் எழுதக் கூடாது. ஊக்குநர் இதைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ளவும்!

பேசுவதற்குச் சில கேள்விகள்:

* எதிர்பாராமல் ஒருவர் கையால் செய்து கொடுத்த பொருள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? யார் கொடுத்தது? அப்போது மனதில் முதலில் வந்தது சந்தோஷமா, சந்தேகமா?

* கஷ்ட நேரத்தில் வந்த உதவியை வேண்டாம் என்று சொன்னது உண்டா? எதற்குப் பயந்து சொன்னீர்கள்?

* நாம் யாருக்காவது செய்ததைச் சொல்லிக்காட்டியிருக்கிறோமா? அதற்குப் பிறகு அவர் நம்மிடம் உதவி கேட்டாரா?

* நம் குழுவில் இப்போது கஷ்டத்தில் இருந்தும் வாய் திறக்காமல் இருப்பவர் யார்? அவர் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளும்படி என்ன செய்யலாம்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

பேசி முடித்ததும் குழுவாக ஒரு தீர்மானம் போடுங்கள்: "நம் குழுவில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த உதவியை எந்தச் சண்டையிலும் சொல்லிக்காட்ட மாட்டோம்." தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அது வந்துவிட்டால், தண்டல்காரர் வீட்டு வாசலுக்குப் போகும் கால் நம் குழுப் பாய்க்குத் திரும்பி வரும்.